திறந்து பார்த்த புத்தகங்கள்

அன்று கூட்டத்தில் நான் சொல்லாதது சிறிய விஷயம்தான். அந்தப் புத்தகங்களைத் திறந்தவர்கள் வாசகர்கள் இல்லை. சரிபார்ப்பதற்காக நான்தான் திறந்தேன்.

நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், புத்தகம் வாங்கும் பிரிவில் இருக்கிறேன். ஜூலையில் ஒரு நிறுவனம் எங்கள் நூற்பட்டியலில் ஏராளமான மின்னூல்களை ஏற்றிவிட்டது. அவற்றில் எதையும் நாங்கள் வாங்கியிருக்கவில்லை. வாசகர் ஒருவர் ஒரு நூலைத் திறந்து பத்துப் பக்கம் புரட்டினால் அது வாங்கப்பட்டதாகக் கணக்கு. விலை எங்கள் ஆண்டு நிதியிலிருந்து தானாகப் போய்விடும். ஊழியர்களின் கணினியில் திறந்தால் மட்டும் கணக்கில் சேராது. எல்லாம் ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்க்கும் வேலை எனக்கு வந்தது. வாசகர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே பார்க்க வேண்டும் என்று நான் வாசிப்புக் கூடத்துக் கணினியில் போய் உட்கார்ந்தேன். அச்சுப் புத்தகம் வந்தால் செய்வதைப் போலவே முதலில் சில பக்கம், நடுவில் சில பக்கம், கடைசியில் சில பக்கம் என்று எழுத்து வரிசையில் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கூடத்தில் உட்கார்ந்து எதையாவது புரட்டுகிறவரை யார் கவனிப்பார்கள்.

ஆகஸ்டில் நூலகக் குழு கூடியபோது ஆண்டு நிதி தீர்ந்திருந்தது. தலைமை நூலகர் அதை வாசகர்களின் ஆர்வம் என்று வாசித்துக் காட்டினார். எனக்கு அங்கேதான் புரிந்தது. அச்சுப் புத்தகங்களுக்கான ஆர்டர்களையெல்லாம் நிறுத்திவைத்தார்கள். அவற்றில் பெரும்பகுதி என் அக்காவின் கணவர் கடைக்குக் கொடுத்தவை. நான் வேலையில் சேருவதற்கு முன்பிருந்தே அத்தான் இந்த நூலகத்துக்குப் புத்தகம் தருகிறவர். நானோ பயிற்சிக்காலத்தில் இருந்தேன். டிசம்பரில்தான் என் நியமனம் உறுதியாக வேண்டும்.

அக்கா வேறு ஊரில் இருக்கிறாள். கடையில் பெட்டி கட்டுவது அவள் வேலை. ஒவ்வொரு பெட்டியிலும் பில்லுக்கு அடியில் எனக்கு ஒரு கடிதம் வைப்பாள். பக்கம் குறைந்தவை, தப்பான பதிப்பு என்று நாங்கள் திருப்பி அனுப்பும் பெட்டியில் என் பதில் போகும். தொலைபேசியில் எங்கள் இருவருக்கும் பேச வராது. வீட்டில் என்னைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மாதங்களின் கடிதங்கள் கீழே.

*

ஆகஸ்ட் 11

அன்புள்ள பூனைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் இடது கண் மட்டும் மங்கிக்கொண்டே வருகிறது. டாக்டர் இன்னும் பழுக்கட்டும் என்கிறார், மாம்பழத்தைச் சொல்வதைப் போல. உன் இருமல் நின்றதா?

இந்தப் பெட்டியில் சட்டமும் மண்ணியலும் இருக்கின்றன. மண்ணியல் இரண்டாம் தொகுதியின் முதுகு கொஞ்சம் நசுங்கியிருக்கிறது. நசுங்கியது அச்சகத்தில்தான், என் கையில் இல்லை. உங்கள் இயற்பியல்காரர் ஒருவர் தான் எழுதிய புத்தகத்தையே ஆறு பிரதி கேட்டிருக்கிறாராமே? உன் அத்தான் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "ஒண்ணு படிக்க, அஞ்சு பாத்துக்கிட்டே இருக்க."

உங்கள் பெரிய ஆர்டருக்கான வெளிநாட்டுப் புத்தகங்கள் வர ஆரம்பித்துவிட்டன. கடையில் இடம் போதாமல் எதிர்க் கட்டடத்தில் மாடி அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்திருக்கிறோம். அலமாரிகூட அடித்தாகிவிட்டது. உன் அத்தான் தினம் ஒருமுறை மேலே ஏறிப் பார்த்துவிட்டு வருகிறார். கேட்டால், "சும்மா காத்து வாங்கப் போனேன்" என்கிறார். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

அடுத்த பெட்டி இருபதாம் தேதிக்குள் வரும். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் பரவாயில்லை. அம்மாவை வெயிலில் அலைய விட வேண்டாம்.

இந்தப் பெட்டியில் திரும்பி வருபவை இரண்டுதான். சட்டத்தில் ஒன்று பழைய பதிப்பு. மற்றொன்றில் பதினாறு பக்கங்கள் தலைகீழாகத் தைக்கப்பட்டிருக்கின்றன. மண்ணியலின் முதுகு பற்றி நான் ஒன்றும் குறிக்கவில்லை.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். அலுவலகக் கடிதம் தனியாக அத்தானுக்கு வரும். மறு அறிவிப்பு வரும்வரை புத்தகங்களை அனுப்ப வேண்டாம் என்று குழு முடிவு செய்திருக்கிறது. புதிய மின்னூல் முறையில் உபயோகம் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாம். நிதி அதிலேயே போய்விட்டது என்கிறார்கள். ஆர்டர் படிவத்தின் அடியில் "நிதி இருப்பைப் பொறுத்து" என்று ஒரு வரி எப்போதும் உண்டு. அதை இதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை.

இங்கே மழை இரண்டு நாளாக விட்டுவிட்டுப் பெய்கிறது. வாசிப்புக் கூடத்தின் வடக்குச் சுவரில் ஈரம் இறங்கியிருப்பதால் அகராதிகளை வேறு பக்கம் மாற்றினோம்.

அம்மாவிடம் கேட்டதாகச் சொல்.

பூனை

*

ஆகஸ்ட் 27

அன்புள்ள பூனைக்கு,

பெட்டி இல்லாததால் தபாலில் போடுகிறேன். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அலுவலகக் கடிதம் வந்தது. "மறு அறிவிப்பு" என்றால் எத்தனை நாள்? வெளிநாட்டுப் பதிப்பாளர் கொடுத்த புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். இங்கே வேறு யாருக்கு மண்ணியல் வேண்டும்? பாதி மாடி அறை உங்கள் நூலகத்தின் பெயரைச் சொல்லித்தான் நிரம்பியிருக்கிறது.

உன் அத்தான் முதலில் கோபப்படவில்லை. காபியை ஆறவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகுதான் ஆரம்பித்தார். "பதினாலு வருஷமா நான் போட்ட புத்தகத்துல பாதிய ஒருத்தன் தொட்டதில்ல. நானே போய்ப் பார்த்திருக்கேன், தூசிகூட கலையல. இப்ப என்ன, ஊருக்கே திடீர்னு படிப்புக் கிறுக்குப் புடிச்சிருச்சா? யாருப்பா அந்த வாசகருங்க? ஒருத்தரையாவது காட்டச் சொல்லு, கால்ல விழுறேன்."

நானும் அதைத்தான் கேட்கிறேன். உனக்குத் தெரியாமல் அங்கே என்ன நடக்கும். அவர்கள் யார் என்று கொஞ்சம் பார்த்துச் சொல். நிலவரம் தெரிந்தால் மற்ற கல்லூரிகளிடம் பேச அவருக்கு வசதியாக இருக்கும்.

அக்கா

*

செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. நடுவில் ஒரு வாரம் காய்ச்சல். இப்போது சரியாகிவிட்டது.

நீ கேட்டதைப் பற்றி: அந்த முறையில் யார் திறந்தார்கள் என்பது பதிவாவதில்லை. எந்தக் கணினி என்பது மட்டும் தெரியும். பெரும்பாலும் வாசிப்புக் கூடத்துக் கணினிகள். அவற்றில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

தலைமை நூலகர் இந்த அனுபவத்தை ஒரு கட்டுரையாக எழுதிவிட்டார். வேறு இரண்டு நூலகங்களில் பேசவும் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு அச்சுப் புத்தகங்களுக்குத் தனி நிதியே வேண்டாம் என்ற யோசனை இருக்கிறது. கட்டுரையின் வரைபடங்களுக்கு வண்ணம் தேர்ந்தெடுக்க என்னைக் கூப்பிட்டார். நீலம் சொன்னேன்.

மாலைகளில் ஒரு கடற்பயண நூல் படிக்கிறேன். மாலுமிகள் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் வெறுப்பாக இருக்கிறார்கள். ஆனால் கப்பல் நேராகத்தான் போகிறது.

அத்தான் மற்ற கல்லூரிகளிடம் பேசுவது நல்லது. சீக்கிரமே பேசுவது நல்லது.

பூனை

*

அக்டோபர் 2

பூனைக்கு,

அம்மாவுக்கு அடுத்த வாரம் கண் ஆபரேஷன். நீ வர வேண்டியதில்லை. ஒரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உடம்பைக் கவனித்துக்கொள்.

மாடி அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். புத்தகங்கள் இப்போது எங்கள் படுக்கை அறையில் இருக்கின்றன. கட்டிலுக்கு ஒரு பக்கம் சட்டம், ஒரு பக்கம் மண்ணியல். உன் அத்தான் மண்ணியல் பக்கம் படுக்கிறார். குளிர்ச்சியாக இருக்கிறதாம்.

போன செவ்வாய்க்கிழமை அவர் உங்கள் தலைமை நூலகரைப் பார்க்க வந்திருந்தார். உனக்குச் சங்கடம் வேண்டாம் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினாராம். "படிக்கிறவங்க கேக்கறதத்தான் வாங்கறோம் சார். அவங்க தேர்ந்தெடுத்துட்டாங்க." இவர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். பதினாலு வருடத்தில் முதல்முறையாக அவரை வெளியே நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்கச் சொன்னார்களாம்.

வரும்போது தாழ்வாரத்தின் கோடியில் உன்னைப் பார்த்தாராம். நீ சட்டென்று புத்தக அடுக்கறைக்குள் போய்விட்டாயாம். "அவ என்னைப் பாக்கல" என்று எனக்கு இரண்டு தடவை சொன்னார். பூனை பார்க்காமல் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

அக்கா

*

அக்டோபர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் கண் கட்டு அவிழ்த்தாகிவிட்டதா? சொட்டு மருந்து போடும்போது தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு நிமிடம் அப்படியே இருக்கச் சொல். அவள் உடனே எழுந்துவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை அடுக்கறையில் எனக்கு வேலை இருந்தது. ஈரத்துக்காக மாற்றிய அகராதிகளை எண் வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தோம்.

வேறு விசேஷம் இல்லை.

பூனை

*

நவம்பர் 23

அன்புள்ள பூனைக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் எழுதவில்லை. அம்மா இப்போது இடது கண்ணால் எதிர் வீட்டுக் கொடியில் காயும் துணிகளை எண்ணுகிறாள். பார்த்ததையெல்லாம் என்னிடம் வந்து சொல்கிறாள். ஆபரேஷனுக்கு முன்னால் வீடு அமைதியாக இருந்தது.

உன் அத்தான் வேலைக்குப் போகிறார். அந்த மின்னூல் நிறுவனத்துக்கேதான். இந்தப் பக்கத்து நூலகங்களையெல்லாம் தெரிந்த ஆள் வேண்டும் என்று அவர்களே கூப்பிட்டார்கள். அவர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னார். கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். காலையில் திறந்து வைக்கிறேன், பள்ளிக்கூட நோட்டுகள் போகின்றன.

முதலில் ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே சொன்ன ஒரு வேடிக்கையை வந்து சொன்னார். ஏதோ ஒரு நூலகத்தில் யாரோ புத்தகங்களை எழுத்து வரிசைப்படி வாங்கியிருக்கிறார்களாம். முதல் எழுத்தில் ஆரம்பித்து ஒன்றுவிடாமல். எல்லாவற்றிலும் முதலில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம். மதியம் ஒரு மணிநேரம் இடைவேளை, மறுபடி விட்ட இடத்திலிருந்து. சொல்லிக்கொடுத்த ஆள், "வாசகர் இப்படிப் படிப்பாரா? ஆனா நமக்கு என்ன, வித்தது வித்ததுதான்" என்றானாம். எல்லோரும் சிரித்தார்களாம். எந்த நூலகம் என்று சொல்லவில்லை. உன் அத்தானும் கேட்கவில்லை.

இங்கே நான் பெட்டி கட்டுமுன் ஒவ்வொரு புத்தகத்திலும் முதல், நடு, கடைசி பார்த்துவிட்டுத்தான் கட்டுவேன். நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படிச் செய்யச் சொல்லி எழுதினாய். அதற்குப் பிறகு எங்களுக்குத் திரும்பி வரும் புத்தகம் பாதியாகக் குறைந்தது.

உன் இருமல் எப்படி இருக்கிறது?

அக்கா

*

டிசம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது.

இன்று தலைமை நூலகரின் அறைக்குப் போனேன். எதற்காக என்பது உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அவர் உட்காரச் சொன்னார். முழுவதையும் கேட்டார். நடுவில் ஒருமுறை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஸ்டாஃப் கணினிலதான பாக்கச் சொன்னேன்?"

"ஆமா மேடம். வாசகருக்கு எப்படி வருதுன்னு பாக்கணும்னு அங்க உக்காந்தேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"இத ஏம்மா இப்ப சொல்றே? இந்த மாசம் உன் ஃபைல் மேல போகுது. நான் நல்லபடியா எழுதி வச்சிருக்கேன்."

"கட்டுரைல வாசகர்னு இருக்கு மேடம். வாசகர் யாரும் இல்ல."

"அத நான் மூணு எடத்துல பேசிட்டேன்." எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். "நீ பேசாம இருந்திருந்தா நான் நிம்மதியா ரிட்டயர் ஆகியிருப்பேன்."

புத்தகம் தருகிறவர் என் அக்கா வீட்டுக்காரர் என்று அப்போதுதான் சொன்னேன். பலருக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் எந்தத் தாளிலும் இல்லை. சேரும்போது யாரும் கேட்கவில்லை.

"அப்ப குழுவுல என்ன கேப்பாங்க தெரியுமா? சொந்தக்காரருக்காகச் சொல்றாளாம்பாங்க."

"கேக்கட்டும் மேடம்."

"ரெண்டையும் எழுதிக் குடு. தேதி போட்டு."

எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, ஒரு வாக்கியத்தில் விட்டுப்போன காற்புள்ளியைப் பேனாவால் போட்டார். பிறகு தன் மேஜை இழுப்பறைக்குள் வைக்காமல், குழுவுக்குப் போகும் தட்டில் வைத்தார்.

அம்மாவுக்கு என் அன்பு.

பூனை

*

டிசம்பர் 12

பூனைக்கு,

உன்னைப் போய்ச் சொல்லச் சொல்லி நான் எழுதவில்லை. அப்படி நீ படித்திருந்தால் அது என் தவறு இல்லை.

ஆகஸ்டிலேயே சொல்லியிருந்தால் மாடி அறையை விட்டிருக்க மாட்டோம். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டார். இதை ஒருமுறை எழுதிவிட்டேன். இன்னொருமுறை எழுத மாட்டேன், பேசவும் மாட்டேன்.

உன் அத்தானிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "ஒம்பது பக்கத்தோட நிறுத்தத் தெரியாதா அவளுக்கு" என்றார். பிறகு, "தெரியாதுதான்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

வேலை போய்விட்டால் இங்கே வா. கட்டிலின் சட்டப் பக்கத்தைக் காலி செய்துவிடலாம். அங்கே தனியாக உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்காதே. சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள், நானும் கேட்கிறேன்.

அக்கா

*

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். அம்மாவிடம் சொல்.

குழு பிப்ரவரியில் கூடுகிறது. அதுவரை என் ஃபைல் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பத்திரிகைப் பிரிவில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே வராத இதழ்களைக் கேட்டுக் கடிதம் எழுதுவதுதான் வேலை. மூன்று ஆண்டுகளுக்கு முன் வராத ஒரு இதழுக்கு நேற்று பதில் வந்தது. அனுப்பியதாகச் சொல்கிறார்கள்.

தலைமை நூலகர் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். என்னிடம் சொல்லவில்லை. தட்டச்சு செய்கிறவர் சொன்னார். தாழ்வாரத்தில் பார்த்தால் தலையசைக்கிறார்.

அத்தானிடம் என்ன சொல்வது என்று யோசித்து, இந்தக் கடிதத்தை நான்கு நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன். இப்படியே அனுப்புகிறேன்.

பூனை

*

குழு பிப்ரவரி கடைசியில் கூடியது. அச்சுப் புத்தகங்களுக்கான நிதியில் பாதியை அடுத்த ஆண்டு முதல் திரும்பத் தருவதென்று முடிவாயிற்று. என் பயிற்சிக்காலத்தை ஓராண்டு நீட்டித்தார்கள். ஊழியரின் உறவினர் என்று இப்போது எழுத்தில் இருந்ததால் அத்தான் கடையிடம் விலைப்புள்ளி கேட்கப்படவில்லை. ஆர்டர் வேறொரு கடைக்குப் போயிற்று. அதில் மண்ணியலும் சட்டமும் இருந்தன, அதே தலைப்புகள். அக்கா மே மாதம் கடையை மூடினாள்.